180 நாளோடு படிப்பு முடிந்ததா?

கடைசி மணி அடித்துவிட்டது. கோடை விடுமுறை! பையைத் திண்ணையிலே எறிந்துவிட்டுப் பிள்ளைகள் தெருவுக்கு ஓடுகிறார்கள். மாந்தோப்பு உண்டு, வாய்க்கால் உண்டு, மாமன் வீடு உண்டு. அந்த மணியோசையைக் கேட்டு மகிழாத பிள்ளையும் உண்டா என்று கேட்பீர்கள், தோழர்களே. உண்டு. அந்த ஓசை கேட்டு நெஞ்சு பதைக்கிற தாயும் உண்டு.

எண்ணிப் பாருங்கள். ஏழு வயதுச் சிறுவன். பேச்சு வரவில்லை. தானே சாப்பிடத் தெரியாது. பள்ளியிலே ஓர் ஆசிரியை, அவன் கைமேல் தன் கையை வைத்துக் கரண்டியைப் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறார். ஒரு நாள் அல்ல, இரு நாள் அல்ல, மாதக்கணக்கில்! முதலில் கரண்டியைத் தொடுகிறான். பிறகு பிடிக்கிறான். பிறகு, பாதி சிந்தினாலும் மீதியை வாய்க்குக் கொண்டுபோகிறான். தாய் அதைப் பார்த்துக் கண் கலங்குகிறாள். அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு, "பத்து வாரம் கழித்து வாருங்கள்" என்கிறார்கள்.

பத்து வாரம்! அப்பனுக்கு ஆலை வேலை. அம்மாவுக்குத் தையல் இயந்திரம். பாட்டிக்குப் பொறுமை உண்டு, பயிற்சி கிடையாது; பசிக்கிறதே பிள்ளைக்கு என்று ஊட்டிவிடுகிறாள். பள்ளி திறக்கும்போது கரண்டியைக் கையில் கொடுத்தால் வீசி எறிகிறான். ஆசிரியை மறுபடி முதல் படியிலிருந்து தொடங்குகிறார். போன ஆண்டு விட்ட இடத்துக்கு வந்து சேரவே நான்கு மாதம், ஐந்து மாதம். பிறகு கொஞ்சம் முன்னேற்றம். பிறகு மீண்டும் மணி அடிக்கிறது, மீண்டும் பூட்டு. வழுக்கு மரம் ஏறுகிறவன் கதைதான்!

இந்தச் சிறுவனை நான் எடுத்துக்காட்டாகத்தான் சொன்னேன். ஆனால் இவனைப் போன்ற பிள்ளைகளின் நிலை 1979-ஆம் ஆண்டு ஒரு நீதிபதியின் முன்னே வைக்கப்பட்டது. அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்த வழக்கு அது. அதன் பெயர் ஆர்ம்ஸ்ட்ராங் எதிர் கிளைன்.

அமெரிக்காவில் நடந்த வழக்குக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று எழுந்து நின்று கேட்கும் தோழர் இருப்பார். கேட்கட்டும். பென்சில்வேனியா வெறும் மாளிகைக்காரர்களின் மண் அல்ல. நிலக்கரி வெட்டிய கைகளும் எஃகு உருக்கிய தோள்களும் நிறைந்த மண். 1892-இல் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையின் தொழிலாளர்கள் முதலாளியின் கூலிப்படையை எதிர்த்து நின்று உயிர்ப்பலி கொடுத்தது அந்த மாநிலத்தில்தான். ஊனமுற்ற பிள்ளை பணக்காரன் வீட்டிலும் பிறக்கும், பாட்டாளி வீட்டிலும் பிறக்கும். பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்குக் கோடையிலே தனி ஆசிரியர் வருவார், பயிற்சியாளர் வருவார். பாட்டாளி வீட்டுப் பிள்ளைக்கு யார் வருவார்? அந்தக் கேள்விக்கு ஊர் ஏது, நாடு ஏது?

விடுமுறையிலும் கற்பி என்று கேட்பதற்கு முன்னே, பள்ளியில் சேர்த்துக்கொள் என்று கேட்டுப் போராட வேண்டியிருந்தது. அந்தக் கதையை முதலில் சொல்கிறேன்.

அந்த மாநிலத்துச் சட்டத்திலே ஒரு விதி இருந்தது. மன வயது ஐந்தை எட்டாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காமல் தள்ளிவைக்கலாம் என்பது அது. "கற்பிக்க முடியாதவன், பழக்க முடியாதவன்" என்று அதிகாரிகள் ஒரு முத்திரை குத்திவிட்டால், பிள்ளைக்குப் பள்ளிக் கதவு அடைபட்டது. எங்கே போவது? பென்ஹர்ஸ்ட் என்று ஒரு விடுதி. 1908-இல் திறந்தார்கள். அரசுப் பள்ளி என்று பெயர்ப் பலகை! உள்ளேயோ படிப்பு இல்லை. 2,000-க்கு மேற்பட்டோரை நெருக்கியடித்து வைத்திருந்தார்கள். 1968-இல் பில் பால்டினி என்னும் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒளிப்படக் கருவியோடு உள்ளே நுழைந்தார். கட்டிலோடு கட்டப்பட்டவர்களையும் கவனிப்பார் இன்றிக் கிடந்த குழந்தைகளையும் பிலடெல்பியா மக்கள் தங்கள் வீட்டுக் கூடத்திலே உட்கார்ந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் சோறு இறங்காமல் எழுந்திருப்பார்கள்.

பெற்றோர் சங்கம் கட்டினார்கள். சங்கம் என்றால் உங்களுக்குத் தெரியும்! தனி ஆளாய் நின்றால் விண்ணப்பம். சங்கமாய் நின்றால் கோரிக்கை. 1971-இல் அந்தச் சங்கம் மாநில அரசின்மேல் வழக்குத் தொடுத்தது. வாதாடியவர் தாமஸ் கில்ஹூல். அவருடைய சொந்தச் சகோதரரே அறிவுவளர்ச்சிக் குறைபாடு உடையவர். ஏட்டுச் சட்டம் பேச வந்தவர் அல்ல, வீட்டுத் துயரம் தெரிந்து வந்தவர். நிபுணர்கள் கூண்டேறி ஒன்றைச் சொன்னார்கள்: கற்க முடியாத பிள்ளை என்று ஒன்று இல்லை, ஒருவன் கணக்குக் கற்பான், ஒருவன் சட்டைப் பொத்தான் போடக் கற்பான், இரண்டும் கல்விதான். மாநில அரசு சமரசத் தீர்ப்புக்கு ஒப்புக்கொண்டது. இனி எந்தப் பிள்ளையையும் தள்ளுவதில்லை என்று கையெழுத்திட்டது.

அடுத்த ஆண்டு, 1972-இல், தலைநகர் வாஷிங்டனில் இன்னொரு வழக்கு. "பணம் இல்லை, என்ன செய்வது?" என்று கல்வி வாரியம் கையை விரித்தது. நீதிபதி ஜோசப் வாடி விடவில்லை. பணம் போதாது என்றால் இருப்பதை எல்லாருக்கும் நியாயமாய்ப் பங்கிடு. பற்றாக்குறையின் பாரம் முழுவதையும் ஊனமுற்ற பிள்ளையின் தலையிலே மட்டும் ஏற்றாதே என்பது அவர் தீர்ப்பின் சாரம். பஞ்சம் வந்தால் முதலில் எவன் வயிற்றில் கை வைப்பார்கள் என்பது தெரிந்த தொழிலாளிக்கு இந்தத் தீர்ப்பின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

பிறகுதான் நாடாளுமன்றத்துக்கு விழிப்பு வந்தது. நாட்டில் 80 லட்சத்துக்கு மேற்பட்ட ஊனமுற்ற குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தக்க கல்வி இல்லை, 10 லட்சம் பேருக்குப் பொதுப் பள்ளியில் இடமே இல்லை என்று சட்டத்தின் முகப்பிலேயே எழுதினார்கள். 1975 நவம்பர் 29 அன்று குடியரசுத் தலைவர் ஃபோர்டு கையெழுத்திட்டார். அனைவருக்கும் இலவசமான, தக்க பொதுக் கல்வி. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே திட்டம் தீட்ட வேண்டும். அதைத் தீட்டும் மேசையில் பெற்றோருக்கும் நாற்காலி போட வேண்டும்.

கையெழுத்திட்ட அன்றே, கொடுக்க முடியாததை இந்தச் சட்டம் வாக்களிக்கிறது என்று ஃபோர்டு முணுமுணுத்தார். அவர் முணுமுணுத்தது பலிக்கும்படி அவருக்குப் பின்னே வந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள்! சராசரிச் செலவில் நூற்றுக்கு 40 பங்குவரை மத்திய அரசு தரும் என்பது பேச்சு. ஐம்பது ஆண்டு ஆகியும் அந்த 40 வந்து சேரவில்லை. அண்மை ஆண்டுகளிலோ 15-ஐக்கூடத் தொடவில்லை. விமானந்தாங்கிக் கப்பல்களுக்கு மட்டும் அந்த நாட்டுக் கருவூலத்தில் பற்றாக்குறை வந்ததாகக் கேள்வி இல்லை.

இடையே ஒரு செய்தி. நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி என்பதால் வழியை விட்டு விலகிச் சொல்கிறேன். 1973-இல் ஊனமுற்றோரைப் பாகுபாடு செய்யக்கூடாது என்று இன்னொரு சட்டப் பிரிவும் வந்தது. ஆனால் அதற்கு விதிகள் வகுக்காமல் நான்கு ஆண்டு இழுத்தடித்தார்கள். 1977 ஏப்ரல் 5 அன்று சான்பிரான்சிஸ்கோ நகரின் அரசு அலுவலகத்துக்குள்ளே நூற்றுக்கு மேற்பட்ட ஊனமுற்றோர் புகுந்து உட்கார்ந்தார்கள். சக்கர நாற்காலிக்காரர்கள், கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள்! தொலைபேசியைத் துண்டித்தது அதிகாரம். காது கேளாத தோழர்கள் சன்னலருகே நின்று சைகை மொழியிலேயே வெளியே செய்தி அனுப்பினார்கள். கருஞ்சிறுத்தைக் கட்சியினர் நாள்தோறும் சுடுசோறு கொண்டுவந்தார்கள். தூதுக்குழு தலைநகருக்குப் போனபோது, சக்கர நாற்காலிகளை ஏற்றிச் செல்ல லாரி அமர்த்திக் கொடுத்தது யார் தெரியுமா? இயந்திரத் தொழிலாளர் சங்கம்! மூன்று வாரத்துக்கு மேல் உட்கார்ந்தார்கள். ஏப்ரல் 28 அன்று அமைச்சர் விதிகளில் கையெழுத்திட்டார். லேத்துப் பட்டறைக்காரனுக்கும் சக்கர நாற்காலிக்காரனுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு அந்த லாரியே விடை.

சரி, பென்சில்வேனியாவுக்குத் திரும்புவோம்.

பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. பிள்ளை போகிறது, கற்கிறது. அப்போதுதான் இந்த 180 நாள் குறுக்கே வந்து நின்றது. அந்த மாநிலத்தின் அன்றைய சட்டப்படி பள்ளிக்கூடம் ஆண்டுக்குக் குறைந்தது 180 நாள் நடக்க வேண்டியிருந்தது. கவனியுங்கள், குறைந்தது 180! கல்வித் துறை என்ன செய்தது? எந்தப் பிள்ளையானாலும் சரி, எவ்வளவு தேவையானாலும் சரி, 180 நாளுக்கு மேல் ஒரு நாளுக்கும் பணம் இல்லை என்றது. குறைந்தபட்சக் கூலி இவ்வளவு என்று சட்டம் எழுதினால், அதையே அதிகபட்சக் கூலியாக்கி அதற்குமேல் ஒரு காசும் தராத முதலாளியை நாம் பார்த்ததில்லையா? அதே தந்திரம்தான்.

கடுமையான குறைபாடு உடைய பிள்ளைகளின் பெற்றோர் 1978 தொடக்கத்தில் வழக்குப் போட்டார்கள். தங்கள் பிள்ளைகளுக்காக மட்டும் அல்ல, அந்த மாநிலத்தில் அதே நிலையில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்காகவும். நீதிபதி கிளாரன்ஸ் நியூகமர் விசாரித்தார். இரண்டு கேள்விகளைச் சுற்றியே வழக்கு நடந்தது. பள்ளி நின்றால் இந்தப் பிள்ளை கற்றதில் எவ்வளவு இழக்கிறது? இழந்ததை மீட்க எவ்வளவு நாள் பிடிக்கிறது?

இழப்பு எல்லாப் பிள்ளைக்கும்தான் இருக்கிறது என்றது அரசுத் தரப்பு. உண்மை. வாய்பாட்டை மறக்காத பையன் எந்த ஊரில் இருக்கிறான்? 1996-இல் ஹாரிஸ் கூப்பர் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கோடையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பளவு கரைகிறது என்று கணக்குச் சொன்னார்கள். பின்னாளில் வேறு அறிஞர்கள் அந்தக் கணக்கின்மேல் ஐயம் எழுப்பினார்கள். அந்தச் சர்ச்சை அவர்களோடு இருக்கட்டும். சாதாரணப் பிள்ளை மறந்தது சில வாரத்தில் திரும்பிவிடுகிறது. மறந்தாலும் அவன் நடக்க மறப்பதில்லை, உண்ண மறப்பதில்லை, கழிப்பறைக்குப் போக மறப்பதில்லை. நம் சிறுவன் இழப்பது வாய்பாட்டை அல்ல, தன் கையால் சோறுண்ணும் உரிமையை. அந்த இழப்பை மீட்க மாதங்கள் ஆகும். சில பிள்ளைகளுக்கு அடுத்த விடுமுறை வருவதற்குள்ளும் மீட்சி வருவதில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா?

நியாயம் அல்ல என்றார் நியூகமர். 1979-இல் தீர்ப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே திட்டம் தீட்டு என்று சட்டம் சொல்லும்போது, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பூட்டைப் போடும் 180 நாள் விதி செல்லாது. மாநிலம் மேல்முறையீடு செய்தது. 1980-இல் மேல்நீதிமன்றமும் விதி செல்லாது என்றே சொன்னது. அந்தப் பிள்ளைகளைத் தம்மால் இயன்ற அளவு சொந்தக் காலில் நிற்கச் செய்வதே சட்டத்தின் நோக்கம் என்று நியூகமர் சொன்னதை மேல்நீதிமன்றம் அப்படியே ஏற்கவில்லை. கல்வியின் இலக்கு எது என்பதை முதலில் மாநிலங்களே வகுக்கட்டும் என்றது. ஆனால் இலக்கை எப்படி வகுத்தாலும், ஒரு பிள்ளைக்கு என்ன தேவை என்று பார்ப்பதற்கு முன்பே கதவைச் சாத்தும் விதிக்கு இடமில்லை என்று முடித்தது. வாதம் வேறு வழியில் போனாலும் கதவு திறந்தது.

1983-இல் ஜார்ஜியாவிலும் மிசிசிப்பியிலும் அதே 180 நாள் பூட்டு உடைந்தது. 1990-இல் ஓக்லஹோமா வழக்கு ஒரு படி மேலே போனது. எவ்வளவு இழப்பு, எவ்வளவு நாளில் மீட்பு என்ற கணக்கு மட்டும் போதாது. குறைபாட்டின் கடுமை, பெற்றோரால் வீட்டிலே பயிற்சி தர முடியுமா என்பது, வெளியே கிடைக்கும் உதவி, இவற்றையும் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். பெற்றோரால் முடியுமா! காலை ஐந்து மணிக்கு ஷிப்டுக்குப் போகும் தகப்பனின் வீட்டு நிலை முதன்முறையாகச் சட்டத்தின் கண்ணில் பட்டது என்றே நான் சொல்வேன். 1999-இல் மத்திய அரசின் விதிகளிலேயே எழுதிவிட்டார்கள்: தேவைப்படும் பிள்ளைக்கு விடுமுறைக் காலத்திலும் கல்வி தர வேண்டும், பெற்றோரிடம் காசு கேட்கக்கூடாது, இன்ன வகைக் குறைபாட்டுக்கு மட்டும்தான் என்று வேலி போடக்கூடாது, எத்தனை நாள், எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே கத்தரிக்கவும் கூடாது. நீட்டித்த பள்ளியாண்டு என்று அதற்குப் பெயர்.

இது வேடிக்கை முகாம் அல்ல. பாட்டும் படமும் பந்தும் மட்டும் அல்ல. எல்லாப் பிள்ளைக்கும் கிடைப்பதும் அல்ல. பள்ளியாண்டில் கற்றதைக் கைநழுவ விடாமல் காப்பதே இதன் வேலை. பேச்சுப் பயிற்சி தேவையானவனுக்கு வாரத்தில் சில மணி பேச்சுப் பயிற்சி. நடைப் பயிற்சி தேவையானவளுக்கு நடைப் பயிற்சி. முழு நாள் வகுப்பு தேவையான பிள்ளைக்கு முழு நாள் வகுப்பு. எப்படித் தீர்மானிப்பது? நல்ல ஆசிரியை நோட்டுப் புத்தகம் வைத்திருப்பார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால் பத்து முறைக்கு எட்டு முறை கரண்டி பிடித்தான். திரும்பி வந்தபோது மூன்று முறை. எட்டுக்கு வர ஐந்து வாரம் ஆயிற்று என்று எழுதி வைப்பார். இரண்டு வார விடுமுறைக்கே இந்தப் பாடு என்றால் பத்து வார விடுமுறைக்கு என்ன ஆகும்? வழக்கறிஞரின் வாயைவிட இந்த நோட்டுப் புத்தகம் வலிமையானது.

உழவு வேலைக்காகப் பிள்ளைகளை அனுப்பத்தான் கோடை விடுமுறை வந்தது என்று அமெரிக்காவிலே பலரும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விதைப்பு வசந்தத்தில், அறுப்பு இலையுதிர் காலத்தில். 19-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டுக் கிராமப் பள்ளிகள் பல, கோடையிலும் குளிரிலும்தான் நடந்தன. நகரத்துப் பள்ளிகளோ ஆண்டின் பெரும்பகுதி நடந்தன. கோடைப் புழுக்கத்தில் வசதியுள்ள குடும்பங்கள் கடற்கரைக்கும் மலைக்கும் கிளம்பிவிட, காலியான வகுப்பைப் பூட்டிவிடலாம் என்று பூட்டியதும் அந்த நீண்ட விடுமுறைக்கு ஒரு காரணம். வசதிக்காரன் வீட்டுப் பயணத்துக்கு வசதியாய் வகுத்த நாட்காட்டியைக் காட்டி, கரண்டி பிடிக்கப் பழகும் பிள்ளையிடம் "இதுதான் இயற்கை" என்றால் எப்படி?

தீர்ப்பு வந்துவிட்டதே, விதி வந்துவிட்டதே, இனி எல்லாம் நலம் என்று எண்ணிவிடாதீர்கள். சட்டம் வேறு, சட்டம் நடக்கும் விதம் வேறு. தொழிற்சாலைச் சட்டம் படித்த உங்களுக்கா தெரியாது! மேரிலாந்து மாநிலத்தில் ஒரு மாவட்டம். இப்படி ஒரு கோடைக் கல்வி உண்டு என்பதையே பெற்றோருக்குச் சரியாகச் சொல்லவில்லை. கேட்டவருக்கும் காலம் கடந்த பிறகுதான் முடிவு சொல்வது என்று நடந்தார்கள். 1994-இல் வழக்குமன்றம் அதைக் கண்டித்தது. உரிமையை மறுப்பதற்குச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை, தோழர்களே. உரிமை இருக்கிறது என்பதைச் சொல்லாமல் இருந்தாலே போதும்.

2002-இல் தென்கரோலினா வழக்கு அளவுகோலை இறுக்கியது. கோடையில் கல்வி இல்லாவிட்டால் பள்ளியாண்டில் பெற்ற பயன் பெரிதும் ஆபத்துக்குள்ளாகும் என்று காட்டினால்தான் உண்டு என்றது அந்த வட்டாரத்து மேல்நீதிமன்றம். 2005-இல் உச்ச நீதிமன்றம், முறையீடு செய்பவர்தான் தம் பக்கத்தை மெய்ப்பிக்க வேண்டும் என்றது. முறையீடு செய்பவர் பெரும்பாலும் பெற்றோர். 2006-இல் இன்னொரு தீர்ப்பு: வழக்கில் வென்றாலும் நிபுணருக்குக் கொடுத்த பணத்தைப் பெற்றோர் திரும்பப் பெற முடியாது. நிபுணர் சாட்சி இல்லாமல் மெய்ப்பிப்பது எப்படி? நிபுணருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவன் நிபுணரை அழைப்பது எப்படி? உரிமை எல்லாருக்கும் பொது. அதை வாங்கும் விலை மட்டும் சிலருக்கே எட்டும்!

இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதிக் கதை சொன்னவனாவேன். அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்தவர் ஆசிரியை மட்டும் அல்ல, உதவியாளரும்தான். உடை மாற்றுபவர், நாற்காலி தள்ளுபவர், வலிப்பு வந்தால் தாங்கிப் பிடிப்பவர். மணிக்கணக்கில் கூலி பெறும் தொழிலாளி, பெரும்பாலும் பெண். பள்ளி பூட்டினால் அவருக்குக் கூலி நின்றது. "அடுத்த பருவத்தில் வேலை உண்டு என்று உறுதி கொடுத்திருக்கிறோமே, ஆகையால் நீ வேலையற்றவள் அல்ல" என்று காரணம் காட்டி, வேலையில்லாக் கால உதவியும் பெரும்பாலான மாநிலங்களில் அவருக்கு மறுக்கப்பட்டு வந்தது. வேலையும் இல்லை, வேலையற்றவர் என்ற பெயரும் இல்லை! என்னே அந்தத் தர்க்கம்! 2023-இல் மினசோட்டா மாநிலம் இதை மாற்றியது. பள்ளி உதவியாளர், சமையல்காரர், வண்டியோட்டி ஆகியோருக்கு விடுமுறைக் காலத்தில் வேலையில்லா உதவி உண்டு என்று சட்டம் செய்தது. ஒரே நாட்காட்டிதான் பிள்ளையின் கைப்பழக்கத்தைப் பறிக்கிறது, அதைப் பழக்கியவரின் சோற்றையும் பறிக்கிறது. கோடைக் கல்வி நடந்தால் இரண்டும் நிற்கும். ஆனால் கோடைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று நேரத்தைக் குறைப்பதும் நடக்கிறது. கூலியை உயர்த்திப் பாருங்கள், ஆள் கிடைக்கிறாரா இல்லையா என்று!

2022-23 பள்ளியாண்டில் அந்த நாட்டில் இந்தச் சட்டத்தின் கீழ்ச் சிறப்புக் கல்வி பெற்றவர்கள் ஏறத்தாழ 75 லட்சம் பேர், பொதுப் பள்ளி மாணவரில் நூற்றுக்குப் பதினைந்து பேர். இவர்களுடைய உரிமையைக் கண்காணிக்கும் மத்தியக் கல்வித் துறையைக் கலைக்க நடவடிக்கை எடுக்கும்படி 2025 மார்ச்சில் குடியரசுத் தலைவர் டிரம்ப் ஆணையிட்டார். அதே மாதத்தில் துறையின் ஊழியரை ஏறத்தாழப் பாதியாக்கும் அறிவிப்பும் வந்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. ஆனால் அதை மீறும் பள்ளியைத் தட்டிக் கேட்கும் மேசைக்குப் பின்னால் ஆள் இல்லாவிட்டால்?

நம் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு முடிக்கிறேன். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலும் நாள் கணக்கு உண்டு: ஐந்தாம் வகுப்புவரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள், ஆறு முதல் எட்டுவரை 220. இங்கும் "குறைந்தது" என்றுதான் எழுத்து. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடைய பிள்ளைக்கு ஆறு வயது முதல் பதினெட்டு வயதுவரை இலவசக் கல்வி உண்டு என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், பென்சில்வேனியாப் பெற்றோர் கேட்ட அதே கேள்வி எழும். மீதி நூற்றறுபத்தைந்து நாளில் அந்தப் பிள்ளை கற்றது என்ன ஆகும்? நம் தெருவிலே, நாம் கூட்டம் போடும் முச்சந்திக்குப் பின்வீட்டிலே அப்படி ஒரு பிள்ளை இருக்கும். வாக்குக் கேட்கப் போகும்போது பார்த்திருப்போம். அடுத்த முறை போகும் தோழர், அந்தத் தாயிடம் ஒன்று கேட்டு வரட்டும்: "விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போனால், பழைய நிலைக்கு வர எத்தனை நாள் ஆகிறது, அம்மா?" சொல்வதைத் தேதியோடு குறித்து வரட்டும். சிறப்பாசிரியரிடம் நோட்டு இருந்தால் அதையும் கேட்கட்டும். வெறும் இரக்கம் கொண்டு போனால் அதிகாரி காபி கொடுத்து அனுப்பிவிடுவார். கணக்குக் கொண்டு போனால் பதில் சொல்லியாக வேண்டும்.

பென்சில்வேனியாவில் அந்தக் கணக்குக்கு இன்று தேதியே குறித்திருக்கிறார்கள். கடுமையான குறைபாடு உடைய பிள்ளைகளை அங்கே இன்றும் "ஆர்ம்ஸ்ட்ராங் குழு" என்றுதான் அழைக்கிறார்கள். வழக்குப் போட்ட குடும்பத்தின் பெயர் கல்வித் துறையின் அன்றாடப் பேச்சிலே நிலைத்துவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்குக் கோடைக் கல்வி வேண்டுமா என்று பெற்றோரோடு உட்கார்ந்து பேசும் கூட்டத்தைப் பிப்ரவரி 28-க்குள் நடத்திவிட வேண்டும். முடிவை எழுத்து மூலம் மார்ச் 31-க்குள் பெற்றோர் கையில் கொடுத்துவிட வேண்டும். கோடை தொடங்க இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே ஏன் இந்த அவசரம்? ஜூன் மாதத்தில், பள்ளியைப் பூட்டும் நாளில் "இல்லை" என்று சொன்னால், முறையீடு செய்து தீர்ப்பு வாங்குவதற்குள் கோடை போய்விடும். மார்ச்சில் "இல்லை" என்று சொன்னால், தாய் எழுந்து, தாளை எடுத்து, மறுப்பு எழுத நாள் இருக்கிறது.